இடைவெளியின் கணக்கு

நுழையும்முன்

நிரல் எழுதுபவர் கேட்காத இடத்தையும் நிரல்பெயர்ப்பி நினைவகத்தில் ஒதுக்குகிறது. 16 பைட்டில் அடங்கக்கூடிய செய்தி சில வேளைகளில் 32 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கூடுதல் இடம் ஏன் தோன்றுகிறது, அதனை எவ்வளவு குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது. கணினிக்குள் நிகழும் இச்செயலை விளங்கிக்கொள்ளத் திருப்பூரின் வெட்டுமேசை துணைநிற்கிறது.

வெட்டுமேசை காட்டும் உண்மை

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் இடையே, அமராவதி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் மடத்துக்குளம். ஆற்றுப்பாசனத்தால் நெல்லும் கரும்பும் விளையும் மண் இது. உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்களில் நூற்பாலைகள் உள்ளன. வடக்கே திருப்பூரில் அந்நூல் பின்னலாடையாகிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்றைப் பிடிக்கக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தத் தொழில்கள் மூன்றும் தனித்தனியானவை அல்ல. துணித்தொழில் செய்வோர் பலர் தம் ஆலைக்கு வேண்டிய மின்சாரத்துக்காகக் காற்றாலைகளையும் நிறுவியுள்ளனர்.

பனியன் நிறுவனம் ஒன்றின் வெட்டுப்பிரிவில் நீண்ட மேசைமேல் துணி அடுக்கடுக்காக விரிக்கப்படுகிறது. அதன்மேல் முன்பக்கம், பின்பக்கம், கைப்பகுதி, பை, கழுத்துப்பட்டி ஆகியவற்றின் அச்சுகளைக் கட்டிங் மாஸ்டர் பொருத்துகிறார். ஒவ்வோர் அச்சிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். துணியின் கண்ணிவரிசை செல்லும் திசையிலேயே அந்த அம்பு நிற்கவேண்டும். இடம் மிச்சமாகிறது என்று கைப்பகுதியைச் சற்றே சாய்த்து வைத்தால் துணி மிச்சமாகும். ஆனால் ஆடை கெடும். நேர் தவறி வெட்டிய ஆடையின் குறை தைக்கும்போது புலப்படாது. சில முறை துவைத்தபின் பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்கும்.

அம்பின் திசைக்குக் கட்டுப்பட்டு அச்சுகளை வைப்பதால் அவற்றிடையே துணி வீணாகிறது. அத்துண்டுகள் எடைக்கு விற்கப்படுகின்றன. அவற்றுள் சில எந்திரம் துடைக்கும் துணியாகின்றன; சில மீண்டும் பஞ்சாக்கப்பட்டு நூலாகின்றன. ஆடையின் அடக்கவிலையில் துணிக்கே பெரும்பங்கு என்பதால் அந்த இடைவெளி சிறிதானாலும் நிறுவனத்துக்கு இழப்பே. தேர்ந்த கட்டிங் மாஸ்டர் பெரிய அச்சுகளை முதலில் வைத்து, பை, பட்டி முதலிய சிறு அச்சுகளை அவற்றின் இடுக்குகளில் செருகிவிடுவார். அம்புக்குறியை அவர் மீறுவதில்லை. வைக்கும் வரிசையை மட்டுமே மாற்றுகிறார்.

கணினி நினைவகத்திலும் இத்தகைய அம்புக்குறி ஒன்று உண்டு.

பைட்டுகளின் நேரமைவு

நினைவகம் என்பது 0, 1, 2 என எண்ணிடப்பட்ட பைட்டுகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு பைட்டின் எண்ணும் அதன் முகவரி எனப்படும். இன்று பரவலாகப் பயன்படும் கணினிகளில், சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளின் ‘சார்’ தரவினம் 1 பைட்டும், ‘ஷார்ட்’ 2 பைட்டும், ‘இன்ட்’ 4 பைட்டும், ‘டபுள்’ 8 பைட்டும் கொள்ளும்.

ஆனால் 8 பைட் கொண்ட எண்ணை எந்த முகவரியில் வேண்டுமானாலும் தொடங்கிவிட முடியாது. 64 பிட் செயலியின் தரவுப்பாதை ஒரே முறையில் 8 பைட்டுகளைக் கொணரும் என்று கொண்டால், 0 முதல் 7 வரை ஒரு தொகுதி, 8 முதல் 15 வரை அடுத்த தொகுதி என்றே அது நினைவகத்தைக் காணும். எண் 8ஆம் முகவரியில் தொடங்கினால் ஒரு முறை எடுத்தாலே போதும். 5ஆம் முகவரியில் தொடங்கினால் முதல் தொகுதியின் கடைசி 3 பைட்டும், அடுத்த தொகுதியின் முதல் 5 பைட்டும் தேவை. இரு முறை எடுத்து, நகர்த்தி, ஒட்டவேண்டும். மின்சுற்றும் சிக்கலாகும், நேரமும் கூடும்.

இதனால் ஒரு நெறி தோன்றியது. 2 பைட் எண் 2ஆல் வகுபடும் முகவரியிலும், 4 பைட் எண் 4ஆல் வகுபடும் முகவரியிலும், 8 பைட் எண் 8ஆல் வகுபடும் முகவரியிலும் தொடங்கவேண்டும். கணினித்துறையில் ‘அலைன்மெண்ட்’ எனப்படும் இதனை நேரமைவு எனலாம். ஒற்றை பைட்டுக்கு எந்த முகவரியும் பொருந்தும்.

நெறியை மீறினால் என்ன நேரும் என்பது செயலிக்குச் செயலி வேறுபட்டு வந்துள்ளது. 1964இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினி, நேரமைவு தவறிய முகவரியைக் கண்டால் நிரலை நிறுத்திவிடும். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கிய பிடிபி-11 கணினியும், 2 பைட் சொல்லை ஒற்றைப்படை முகவரியில் ஏற்காது. சி மொழி பிறந்த இடத்திலேயே இந்தக் கட்டுப்பாடும் இருந்தது என்பது கருதத்தக்கது. மோட்டோரோலா 68000 செயலி முகவரிப் பிழை என்று அறிவித்து நிற்கும். 1978இல் வந்த இன்டெல் 8086 இரு சுழற்சிகளில் எடுத்துத் தரும். வேலை நடக்கும், விரைவு குறையும்.

இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியவை பழைய ஆர்ம் செயலிகள். நேரமைவு தவறிய 4 பைட் சொல்லைக் கேட்டால் அவை நிற்பதும் இல்லை, சரியான எண்ணைத் தருவதும் இல்லை. பைட்டுகள் சுழற்றப்பட்ட வேறோர் எண்ணை எந்த எச்சரிக்கையும் இன்றிக் கொடுத்துவிடும். நின்றுவிடும் கணினி பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. தவறான விடையோடு ஓடும் கணினியின் பிழையை யார் கண்டுபிடிப்பது? ஆறாம் பதிப்பு முதல் ஆர்ம் கட்டமைப்பு இம்முறையைக் கைவிட்டு, பொதுவான பல கட்டளைகளுக்கு நேரமைவற்ற முகவரியையும் ஏற்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் வடிவமைக்கப்பட்ட செயலிக்கும் இந்த வினா உண்டு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கப்பட்ட ‘சக்தி’ செயலித் திட்டம், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அக்கட்டளைத் தொகுதி அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2010இல் உருவாகத் தொடங்கியது. 2018இல் சக்தி வடிவமைப்பில் அமைந்த சில்லுகள் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் ஆலையிலும், மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் வார்க்கப்பட்டன. ரிஸ்க்-ஃபைவின் விதிநூல், நேரமைவு தவறிய முகவரியை மின்சுற்றே கையாளலாம் அல்லது இடைமறித்து மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்று வடிவமைப்பாளரிடமே முடிவை விட்டுவிடுகிறது. மென்பொருளிடம் ஒப்படைத்தால் ஒரே கட்டளையில் முடியவேண்டிய வேலைக்குப் பல கட்டளைகள் செலவாகும். ஆகவே இன்றைய செயலிக்கு எழுதுபவரும் இப்பழைய நெறியை அறிந்திருக்கவேண்டும்.

காற்றாலையின் பதிவு

தனித்தனி மாறிகளை நேரமைவோடு வைப்பது நிரல்பெயர்ப்பிக்கு எளிது. பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய ‘கட்டுரு’ வரும்போதுதான் இடைவெளி தோன்றுகிறது. கணினி அறிவியல் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரு புதிதன்று. ஒரு மாணவரின் பெயர், வயது, மதிப்பெண் என வெவ்வேறு தரவினங்களை ஒரே பெயரின்கீழ் தொகுப்பதே அது.

மடத்துக்குளத்தை அடுத்த காற்றாலை ஒன்றின் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பதிவை எழுதுகிறது. அப்பதிவின் உறுப்புகள் ஐந்து: ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்னும் நிலை (1 பைட்), அதுவரை உற்பத்தியான மின் அலகு (8 பைட்), காற்றின் திசை (2 பைட்), நேரம் (4 பைட்), பழுதுக்குறி (1 பைட்). கூட்டினால் 16 பைட். நிரல் எழுதுபவர் நினைவுக்கு வந்த இதே வரிசையில் கட்டுருவை அறிவித்துவிட்டார் என்க.

நிரல்பெயர்ப்பி என்ன செய்கிறது என்று காண்க. நிலை 0ஆம் இடத்தில் அமர்கிறது. அடுத்தது 8 பைட் மின் அலகு. அது 1ஆம் இடத்தில் தொடங்க இயலாது. 8ஆம் இடத்துக்குத் தாவுகிறது. இடையில் 7 பைட் வெற்றிடம். மின் அலகு 15 வரை செல்கிறது. காற்றின் திசை 16, 17ஆம் இடங்களில் அமர்கிறது. நேரம் 4ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கவேண்டும் என்பதால் 18, 19 வெற்றிடமாகி, 20 முதல் 23 வரை நேரம் அமர்கிறது. பழுதுக்குறி 24ஆம் இடத்தில் அமர்கிறது. இத்துடன் 25 பைட் ஆயிற்று.

கணக்கு இங்கே முடியவில்லை. இத்தகைய பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணியில் அடுக்கப்படும்போது இரண்டாம் பதிவின் மின் அலகும் 8ஆல் வகுபடும் இடத்திலேயே நிற்கவேண்டும். ஆதலால் ஒரு பதிவின் மொத்த அளவும் 8இன் மடங்காக இருத்தல் வேண்டும். இறுதியில் மேலும் 7 பைட் சேர்க்கப்பட்டு அளவு 32 ஆகிறது. நடுவில் விட்ட இடத்தைப் பலர் உடனே உணர்ந்துகொள்வர். கடைசியில் விட்ட இடத்தையே மறந்துவிடுவர். இவ்வாறு நிரல்பெயர்ப்பி தானே சேர்க்கும் பைட்டுகளை நிரப்பு பைட்டுகள் என்றும், அச்செயலை இட்டுநிரப்பல் என்றும் கூறலாம். ஆங்கில வழக்கில் இது ‘பேடிங்’.

செய்தி 16 பைட். நிரப்பு 16 பைட். பாதி வெற்றிடம். எந்தக் கட்டிங் மாஸ்டரும் இதனைப் பொறுக்கமாட்டார்.

வரிசையை மாற்றினால்

இப்போது அதே ஐந்து உறுப்புகளைப் பெரியது முதலாக அடுக்கிப் பார்க்கலாம். மின் அலகு 0 முதல் 7 வரை. நேரம் 8 முதல் 11 வரை. காற்றின் திசை 12, 13. நிலை 14. பழுதுக்குறி 15. மொத்தம் 16; வெற்றிடம் ஒன்றுகூட இல்லை. ஓர் உறுப்பும் நேரமைவு தவறவில்லை. செலவானது உறுப்புகளின் அறிவிப்பை மேலும் கீழுமாக மாற்றிய உழைப்பு மட்டுமே.

இதனால் என்ன பயன்? ஒரு நாளைக்கு 144 பதிவுகள். பதிவுகளைச் சேமிக்க 64 கிலோபைட், அதாவது 65,536 பைட், ஒதுக்கிய சிறு கருவி என்று கொள்க. 32 பைட் பதிவாயின் 2,048 பதிவுகள் அடங்கும். இது 14 நாள் கணக்கு. 16 பைட் பதிவாயின் 4,096 பதிவுகள். 28 நாள் கணக்கு. ஆடிக்காற்றில் தொலைத்தொடர்பு அறுந்து, தலைமையிடத்துக்குச் செய்தி அனுப்ப இயலாத நிலையில், மூன்றாம் வாரம் பழுதுபார்க்க வருபவர் முதல் நாள் பதிவைக் காண்பாரா மாட்டாரா என்பதை உறுப்புகளின் வரிசையே முடிவுசெய்கிறது. காற்று மிகுந்த மாதங்களின் உற்பத்தியே காற்றாலை உரிமையாளரின் ஆண்டு வருவாயில் பெரும்பகுதி என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பெரிய கணினிகளில் நினைவகம் தாராளமாக உள்ளதே, அங்கும் இது தேவையா என்ற ஐயம் எழலாம். லினக்ஸ் இயக்க அமைப்பின் கருநிரல், நினைவகத்தை வழக்கமாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டுருவை வைத்திருக்கிறது. 64 பிட் கணினிகளில் பொதுவாக அதன் அளவு 64 பைட். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் 20,97,152 பக்கங்கள் உள்ளன. அவற்றைக் கண்காணிக்கும் கட்டுருக்களுக்கு மட்டும் 128 மெகாபைட் செலவாகிறது. அக்கட்டுருவில் கவனமின்மையால் 8 பைட் கூடினால் மேலும் 16 மெகாபைட் போய்விடும். இதனால்தான் கருநிரல் எழுதுவோர் ‘பாஹோல்’ என்னும் கருவியைக் கொண்டு கட்டுருக்களில் உள்ள துளைகளைத் தேடி அடைக்கின்றனர்.

இவ்வளவு எளிய செயலை நிரல்பெயர்ப்பியே செய்துவிடக் கூடாதா? சி மொழியில் செய்யக் கூடாது. அறிவித்த வரிசையிலேயே உறுப்புகளின் முகவரி ஏறுமுகமாக அமையவேண்டும் என்பது அம்மொழியின் தரநூல் விதித்த விதி. வன்பொருளின் பதிவேடுகளையும் கோப்பு வடிவங்களையும் கட்டுருவாக எழுதும் மொழிக்கு இவ்விதி தேவையாகிறது. பின்னர் வந்த ரஸ்ட் மொழி, நிரலர் வேறாகக் கேட்டாலன்றி, உறுப்புகளை மாற்றி அடுக்கும் உரிமையை நிரல்பெயர்ப்பிக்கு அளித்துள்ளது. சி எழுதுபவர்க்கு அந்த உதவி இல்லை. வரிசை அவர் பொறுப்பு.

பெரியது முதலாக அடுக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. உறுப்பின் மொத்த அளவைப் பார்க்கக் கூடாது. அதன் நேரமைவைப் பார்க்கவேண்டும். 20 எழுத்து கொண்ட பெயர்ப்புலம் 20 பைட் பெரிதானாலும் அது ஒற்றை பைட்டுகளின் அணி. எந்த இடத்திலும் அமரும். அதனைக் கடைசியில் வைப்பதே தகும்.

நெருக்கிக் கட்டுதல்

வரிசையை மாற்றாமலேயே வெற்றிடத்தை ஒழிக்க இன்னொரு வழி உண்டு. நிரப்பு பைட் எதுவும் வேண்டா என்று நிரல்பெயர்ப்பிக்கே ஆணையிடலாம். ‘ப்ராக்மா பேக்’ என்னும் கட்டளையும், ஜிசிசி நிரல்பெயர்ப்பியின் ‘பேக்டு’ என்னும் பண்புக்குறியும் அதற்கானவை. இவை சி மொழித் தரத்தின் பகுதிகள் அல்ல. நிரல்பெயர்ப்பிகள் தாமாக வழங்கும் வசதிகள். ஆணையிட்டால் காற்றாலைப் பதிவு முதலில் எழுதிய வரிசையிலேயே 16 பைட்டில் அடங்கிவிடும். ஆயின் மின் அலகு 1ஆம் இடத்தில் தொடங்கும். அம்புக்குறியை மீறிச் சாய்த்து வைத்த கைப்பகுதியைப் போன்றது இது.

நேரமைவைக் கட்டாயமாக்கும் செயலியாயின், அந்த எண்ணை நிரல்பெயர்ப்பி பைட் பைட்டாக எடுத்து ஒட்டும் கட்டளைகளாக மாற்றும். ஒரு கட்டளை பல கட்டளைகளாகும். இன்றைய மேசைக்கணினிச் செயலிகளில் இந்த இழப்பு பெரும்பாலும் சிறிது. எனவே நெருக்கிக் கட்டுவதில் தீங்கில்லை என்று எண்ணத் தோன்றும். தீங்கு வேறிடத்தில் உள்ளது. அவ்வுறுப்பின் முகவரியை ஒரு சுட்டில் எடுத்து வேறொரு செயற்கூற்றுக்கு அனுப்பினால், அங்குள்ள நிரலுக்கு அது நெருக்கிக் கட்டிய கட்டுருவிலிருந்து வந்தது என்பது தெரியாது. நேரமைவு சரியாக உள்ளது என்று நம்பியே அது செயல்படும். சோதித்த கணினியில் ஓடிய நிரல் வேறு செயலியில் நின்றுவிட இதுவே காரணமாகும். 2019இல் வெளிவந்த ஜிசிசியின் 9ஆம் பதிப்பு முதல், அத்தகைய உறுப்பின் முகவரியை எடுத்தாலே எச்சரிக்கை தோன்றுகிறது. அந்த எச்சரிக்கையைக் கண்டு பொருட்படுத்தாமல் விடுவோர் குறைவல்லர்.

ஆகவே வரிசையை மாற்றுவது முதல் மருந்து. வெளியிலிருந்து வரும் வடிவம் மாற்ற இயலாதபடி அமைந்திருந்தால் மட்டுமே நெருக்கிக் கட்டுதல் தகும். அப்போதும் உறுப்புகளை உடனே சாதாரண மாறிகளில் படியெடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வது பாதுகாப்பு.

ஒரே பதிவு, இரு கணினிகள்

காற்றாலைப் பதிவு 32 பைட் என்று முன்னர்க் கண்டோமாயினும் அது எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. 32 பிட் இன்டெல் கணினியில் ஓடும் லினக்ஸில், கட்டுருவிலுள்ள ‘டபுள்’ எண் 4ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கினாலே போதும் என்பது மரபு. அங்கு நிலை 0இல், மின் அலகு 4 முதல் 11 வரை, திசை 12இல், நேரம் 16இல், பழுதுக்குறி 20இல் அமரும். மொத்தம் 24 பைட். நிரல் ஒன்றே, ஓரெழுத்தும் மாறவில்லை. ஒரு கணினியில் 32, மற்றொன்றில் 24.

காற்றாலையின் பழைய கருவி 24 பைட் பதிவுகளை அப்படியே கோப்பில் எழுதுகிறது. அலுவலகத்தின் புதிய 64 பிட் கணினி அக்கோப்பை 32 பைட் பதிவுகளாக வாசிக்கிறது என்று கொள்க. 4ஆம் இடத்தில் தொடங்கும் மின் அலகை அது 8ஆம் இடத்தில் தேடும். எண்ணின் பிற்பாதியும் காற்றின் திசையும் கலந்த ஏதோ ஒன்று மின் அலகாகத் தோன்றும். இரண்டாம் பதிவு தொடங்கும் இடமும் 8 பைட் தள்ளிப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்பு திறக்கும், எண்கள் வரும், அவ்வெண்களுக்குப் பொருள் இராது. மின்வாரியத்தின் கம்பிவழி அனுப்பிய அலகுக்கும் தம் பதிவிலுள்ள அலகுக்கும் கணக்குப் பொருத்தும் ஆலை அலுவலர், குறை காற்றிலா, கம்பியிலா, கருவியிலா என்று தேடுவார். நிரப்பு பைட்டில் தேட அவர்க்குத் தோன்றாது.

பெரியது முதலாக அடுக்கிய பதிவு இவ்விரு கணினிகளிலும் 16 பைட்டாகவே இருக்கும் என்பது அவ்வடுக்கின் கூடுதல் நன்மை. எனினும் கோப்புக்கோ வலைப்பின்னலுக்கோ செல்லும் தரவைக் கட்டுருவின் நினைவக உருவத்திலேயே அனுப்பாமல், எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் என்று வரையறுத்து ஒவ்வொன்றாக எழுதுவதே உறுதியான முறை. பைட்டுகளின் முன்பின் வரிசையும் கணினிக்குக் கணினி மாறுவதால் இம்முறை இரட்டிப்புத் தேவையாகிறது. (நேரத்துக்கு 4 பைட் போதும் என்று எழுதியவர்க்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 1970 முதல் நொடிகளை எண்ணும் குறியுடைய 4 பைட் எண் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும்.)

இணையத்தை வடிவமைத்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1981இல் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் தலைப்புப் பகுதி குறைந்தது 20 பைட் கொண்டது. அனுப்புநர் முகவரி 12ஆம் பைட்டிலும் பெறுநர் முகவரி 16ஆம் பைட்டிலும் தொடங்குகின்றன. இரண்டும் 4இன் மடங்குகள், நிரப்புக்கே இடமில்லை. ஆனால் அத்தலைப்பைச் சுமந்துவரும் ஈத்தர்நெட் உறையின் தலைப்பு 14 பைட். ஆகவே பொட்டலம் கணினியை வந்தடையும்போது உள்ளிருக்கும் தலைப்பு 14ஆம் இடத்தில் தொடங்கி, நேரமைவு தவறிவிடுகிறது. லினக்ஸ் இதற்குச் செய்த தீர்வு சுவையானது. நேரமைவு தவறினால் இடர்ப்படும் செயலிகளில், பொட்டலத்தை வாங்கும் முன்பே 2 பைட்டை வெறுமையாக விட்டுவிடுகிறது. 2உம் 14உம் 16. உள்தலைப்பு நேராக அமர்ந்துவிடுகிறது. அங்கு வெற்றிடம் வீணன்று. அதுவே வேலை செய்கிறது.

வெற்றிடத்தில் எஞ்சியவை

நிரப்பு பைட்டில் என்ன இருக்கும்? சுழி இருக்கும் என்று கருதுவோர் பலர். எதுவும் இருக்கலாம் என்பதே உண்மை. நிரல்பெயர்ப்பி அவ்விடத்தை ஒதுக்குகிறதேயன்றித் துடைப்பதில்லை. அந்நினைவகத்தை முன்னர்ப் பயன்படுத்திய நிரற்பகுதி விட்டுச்சென்ற பைட்டுகள் அங்கேயே கிடக்கும். அது கடவுச்சொல்லின் துண்டாகவும் இருக்கலாம். உறுப்புகள் ஐந்துக்கும் மதிப்பிட்டு முடித்த நிரலர் கட்டுரு முழுவதும் நிரம்பிவிட்டது என்று எண்ணி அதனை வெளியே அனுப்பினால், 16 பைட் செய்தியோடு 16 பைட் பழைய எச்சமும் சேர்ந்தே செல்லும். லினக்ஸ் கருநிரலில் இவ்வகைக் கசிவுகள் பலமுறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளன. கருநிரலின் உள்முகவரி வெளியே தெரிந்தாலும் தாக்குபவர்க்கு அது வழிகாட்டியாகிவிடும்.

இதே காரணத்தால் இரு கட்டுருக்கள் சமமா என்பதைப் பைட் பைட்டாக ஒப்பிட்டு அறிவதும் தவறு. உறுப்புகள் அனைத்தும் ஒத்திருந்தும் நிரப்பு வேறுபட்டால் விடை ‘சமமன்று’ என வரும். உறுப்பு உறுப்பாகவே ஒப்பிடவேண்டும். நம்பிக்கை எல்லையைத் தாண்டிக் கட்டுருவை அனுப்ப நேர்ந்தால், நிரப்பு இருக்கும் இடங்களைப் பெயரிட்ட உறுப்புகளாகவே அறிவித்து, அவற்றுக்கும் சுழி இட்டு அனுப்புவது நல்ல வழக்கம்.

வேண்டுமென்றே விடும் இடம்

நேரமைவைக் கூட்டவேண்டிய இடங்களும் உண்டு. பல உள்ளகங்கள் கொண்ட செயலி, நினைவகத்தைப் பெரும்பாலும் 64 பைட் கொண்ட வரிகளாகத் தன் இடைமாற்று நினைவகத்துக்குக் கொணர்கிறது. இரண்டு உள்ளகங்கள் தத்தம் எண்ணியை ஓயாமல் கூட்டிக்கொண்டிருக்க, அவ்விரு எண்ணிகளும் ஒரே வரியில் அடுத்தடுத்து அமைந்துவிட்டால், ஒன்று எழுதும்போதெல்லாம் மற்றதன் படி செல்லாததாகி, அவ்வரி இங்கும் அங்குமாக இழுபடும். ஒரே மேசையில் இரு கட்டிங் மாஸ்டர்கள் ஒரே கத்திரிக்காக மாறி மாறிக் கைநீட்டுவதைப் போன்ற நிலை. எண்ணிகள் வேறு, வரி ஒன்று. இரண்டையும் 64இன் மடங்கான வெவ்வேறு முகவரிகளில் வைத்தால் இழுபறி நீங்கும். ஓர் எண்ணிக்கு 8 பைட்டும் வெற்றிடத்துக்கு 56 பைட்டும் செலவிட்டு விரைவைப் பெறுவது இங்கு சிக்கனமே. சி, சி பிளஸ் பிளஸ் இரண்டின் 2011ஆம் ஆண்டுத் தரங்களும் ‘அலைன்ஆஸ்’ என்னும் குறிப்பால் வேண்டிய நேரமைவைக் கேட்டுப் பெறும் வசதியைத் தந்துள்ளன.

அதே ஆண்டுத் தரங்கள் மற்றொரு வசதியையும் தந்தன. கட்டுருவின் அளவு 16 பைட்டாக இருக்கவேண்டும் என்று நிரலுக்குள்ளேயே உறுதிமொழியாக எழுதிவைக்கலாம். பின்னாளில் வேறொருவர் நடுவில் ஓர் உறுப்பைச் செருகி அளவு மாறினால், நிரல் ஓடுவதற்கு முன், பெயர்க்கப்படும்போதே நின்றுவிடும். ஓர் உறுப்பு தொடங்கும் இடத்தை ‘ஆஃப்செட்ஆஃப்’ என்பதால் அறிந்து, அதனையும் அவ்வாறே உறுதி செய்யலாம். பல ஆண்டுகள் ஓடவேண்டிய காற்றாலைக் கருவியின் நிரலை எழுதியவரே இறுதிவரை பராமரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்து வருபவர்க்கு அந்த ஒற்றை வரி நிரப்பு பைட்டுகள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கற்பவை கற்றபின்

பள்ளிப் பேருந்தின் வருகையைப் பதிவுசெய்யும் கட்டுரு ஒன்றில் வழித்தட எழுத்து (1 பைட்), கடந்த தொலைவு (8 பைட்), ஏறிய மாணவர் எண்ணிக்கை (2 பைட்), நிறுத்தத்தின் பெயர் (10 எழுத்து), நேரம் (4 பைட்) ஆகியவை இவ்வரிசையில் உள்ளன. 64 பிட் கணினியில் அதன் அளவைத் தாளில் கணக்கிடுக. பின்னர் வரிசையை மாற்றி மிகக் குறைந்த அளவைக் காண்க. வெற்றிடம் முழுவதும் நீங்கியதா என்று நோக்கி, நீங்காவிடில் காரணம் கூறுக. கணினி ஆய்வகத்தில் ‘சைஸ்ஆஃப்’ தரும் விடையோடு இரண்டையும் ஒப்பிடுக.

வீட்டருகில் உள்ள தையற்கடை அல்லது பனியன் நிறுவனத்தில் துணி வெட்டும் முறையை உற்றுநோக்கி, அச்சுகள் வைக்கப்படும் வரிசையையும் அதற்குரிய காரணத்தையும் அங்குள்ளோர் வழங்கும் தொழிற்சொற்களோடு எழுதி வகுப்பில் படிக்க.